புதுக்குளத்தில் மீனுக்கு வீடு: தண்ணீர் வருமுன் முடிக்க வேண்டிய வேலைகள்

குளம் வெட்டுகிறேன் என்று சொல்லும் யாரும் முதலில் கேட்பது, எத்தனை குஞ்சு விடலாம் என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பொக்லைனை விட்டு நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டி, அடியைத் தட்டையாக வழித்தெடுத்த குளத்திலும் மீன் உயிரோடு இருக்கும், தீவனம் போட்டால் வளரவும் செய்யும். ஆனால் அங்கே ஒளிய இடம் கிடையாது, முட்டையிட இடம் கிடையாது, பாசி பிடித்து வளர ஒரு பரப்புகூடக் கிடையாது. நாலு நீர்க்காகம் தினமும் வந்து இறங்கினால் விட்ட குஞ்சில் பெரும்பகுதி போய்விடும், அதைத் தடுக்கக் குளம் முழுக்க வலை கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

இங்கே நான் எழுதுவது தமிழ்நாட்டில் சொந்தப் பட்டா நிலத்தில் அரை ஏக்கரிலிருந்து நாலைந்து ஏக்கர் வரை புதிதாக மண்குளம் வெட்டுகிறவர்களுக்கு. மழைத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும்தான் முக்கியம், போர் தண்ணீர் துணைக்கு. ஊர்ப் பொதுக் குளத்தில், ஏரிப் புறம்போக்கில் கை வைப்பதாக இருந்தால் ஊராட்சியிலும் நீர்வளத்துறையிலும் கேட்டு அனுமதி வாங்காமல் ஒரு கூடை மண்கூட எடுக்காதீர்கள். தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை வேறு கதை, அதைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி.

அடிப்படை விஷயம் ஒன்றுதான்: மீனுக்கான வேலையில் முக்கால்வாசி தண்ணீர் வருமுன் செய்ய வேண்டியது. காய்ந்த தரையில் ஒரு டிராக்டரும் இரண்டு ஆட்களும் ஒரு நாளில் முடிக்கிற வேலையைத் தண்ணீர் நிறைந்த பிறகு பரிசல் வைத்துக்கொண்டு ஒரு வாரம் செய்ய வேண்டிவரும், அப்போதும் கட்டை போன இடம் தெரியாது.

கோடையில் எவ்வளவு நிற்கும்?

நிறைந்த குளத்தை மனதில் வைத்துத் திட்டம் போடாதீர்கள். மே மாதக் கடைசியில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்று பாருங்கள், அதுதான் மீனுடைய குளம். நம் வெயிலுக்கு ஆவியாகிப் போவதே வருடத்துக்கு ஐந்தடி அளவுக்கு இருக்கும், மண் ஊறுவதும் பாசனத்துக்கு இறைப்பதும் தனி. பத்தடிக் குளம் என்று பெருமையாக வெட்டினாலும் சித்திரையில் முழங்கால் தண்ணீர்தான் என்றால் மீன் வெந்துபோகும்.

அதனால் குளத்தின் ஒரு மூலையில், மதகுக்கு அருகே இருந்தால் நல்லது, மற்ற அடிமட்டத்தைவிட நாலைந்தடி ஆழமாக ஒரு மடு எடுங்கள். மொத்தப் பரப்பில் எட்டில் ஒரு பங்கு இருந்தால் போதும். தண்ணீர் சுருங்கும்போது எல்லா மீனும் அங்கேதான் ஒதுங்கும். பழைய கண்மாய்களில் இப்படிப் பள்ளங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பாதி தானாக விழுந்தவை, பாதி வண்டல் அள்ளியபோது விழுந்தவை.

ஹிட்டாச்சிக்காரரிடம் சொல்ல வேண்டியது

மண் வெட்ட வருகிறவருக்கு வேகம்தான் கணக்கு. மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடும்போது நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லாவிட்டால் செவ்வகத் தொட்டியாகத்தான் வெட்டித் தருவார். கரைச் சரிவு உயரம் ஒன்றுக்குக் கிடை இரண்டு என்று இருக்கட்டும், மணல் கலந்த மண்ணாக இருந்தால் இன்னும் படுக்க வையுங்கள். அப்புறம், ஒரு பக்கம் மட்டுமாவது, காலை வெயில் விழுகிற பக்கமாகப் பார்த்து, ஒன்றிலிருந்து இரண்டடித் தண்ணீர் நிற்கும்படி பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு ஒரு திட்டு விடச் சொல்லுங்கள். செடி முளைப்பதும், குஞ்சு மேய்வதும், விரால் கூடு கட்டுவதும் அங்கேதான். முழுக் குளத்தையும் ஆழமாக்க வேண்டும் என்று சொல்பவர் தண்ணீரைச் சேமிக்க நினைக்கிறார், தப்பில்லை, ஆனால் மீன் பிறக்கிற இடம் ஆழத்தில் இல்லை.

கரை ஓரம் நேர்க்கோடாக இல்லாமல் வளைந்து நெளிந்து இருந்தால் அதே பரப்பில் ஓரத்தின் நீளம் கூடும். கூடவே ஒரு முக்கியமான விஷயம்: மேல்மண்ணை முதலில் வழித்துத் தனியாகக் குவித்து வையுங்கள். வெட்டி முடித்ததும் அதில் கொஞ்சத்தை அந்தத் திட்டின் மீது அரையடிக் கனத்துக்குத் திருப்பிப் போட வேண்டும். அடியில் தோண்டிய சுக்கானிலும் செம்மண்ணிலும் எதுவும் சீக்கிரம் வேர் பிடிக்காது.

மாடு தண்ணீர் குடிக்க வரும் என்றால் அதற்கென்று ஒரே ஒரு இறக்கம் வையுங்கள், கல் பாவி வையுங்கள். நாலு பக்கமும் இறங்கினால் எருமை நட்டதையெல்லாம் மிதித்துவிடும்.

முள், கட்டை, மூங்கில்

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் முள்ளை வெட்டித் தண்ணீருக்குள் போடுவது பழைய வழக்கம். திருட்டு வலை இழுக்கிறவனுக்கு வலை கிழிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மீனுக்கு அதனால் கிடைத்தது ஒளிவிடம். இதையே திட்டமிட்டுச் செய்கிற ஊர்கள் உண்டு: கேரளத்துக் காயல்களில் படல், வங்கதேசத்து ஆறுகளில் கத்தா, இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் மஸ் அத்து, ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டில் அக்காஜா. எல்லாமே கிளைகளைக் கொத்தாகத் தண்ணீரில் ஊன்றி, மீன் வந்து கூடிய பிறகு சுற்றி வலை கட்டிப் பிடிக்கிற முறை.

கிளை என்ன செய்கிறது? ஒன்று, கொக்கும் நீர்க்காகமும் விராலும் எட்ட முடியாத இடுக்கைத் தருகிறது. இரண்டாவது, அதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது, தண்ணீருக்குள் இருக்கிற எந்தக் கட்டையிலும் சில வாரத்தில் வழுவழுப்பாக ஒரு பாசிப் படலம் பிடிக்கும், அதில் புழுவும் பூச்சியும் சேரும். ரோகு அதைக் கொத்தித் தின்னும். வங்கதேசத்தில் குளத்தில் மூங்கில் கழி நட்டு ரோகு வளர்த்துப் பார்த்த ஆய்வுகளில், கழி இல்லாத குளத்தைவிட விளைச்சல் நன்றாகவே கூடியிருக்கிறது. ஜாம்பெசி ஆற்றில் கரிபா அணை கட்டி 1958-இல் தண்ணீர் நிரம்பத் தொடங்கியபோது, வலை போட வசதியாகச் சில பகுதிகளில் மட்டும் காட்டை அழித்துவிட்டு மற்ற இடங்களில் மரங்களை அப்படியே மூழ்க விட்டார்கள். மூழ்கிய மரத்தைத் துளைத்து மேஃப்ளை (mayfly) என்கிற நீர்ப்பூச்சி வகை ஒன்றின் இளம்பூச்சி பெருகியது, மீனுக்கு அது தீனியானது. உங்கள் குளத்துக்கும் அதே பாடம்தான்: கொஞ்சம் இடம் மீனுக்கு, மீதி இடம் வலைக்கு. முள் போட்ட இடம் மொத்தப் பரப்பில் கால்வாசியைத் தாண்ட வேண்டாம், அதையும் ஒரு பக்கமாக ஒதுக்கி வையுங்கள். இல்லையென்றால் பிடிக்கிற நாளில் இழுவலையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எந்த மரம்? கருவேலம், புளி, சீமைக்கருவேலம் எல்லாம் சரி. சீமைக்கருவேலத்தை வெட்டிப் போட யாரும் காசுகூடக் கேட்க மாட்டார்கள், கேட்டால் அவர்களே தருவார்கள். காயோடு மட்டும் போடாதீர்கள், கரையோரம் முளைத்துக்கொண்டு நிற்கும். வெட்டியவுடன் பச்சை இலையோடு தண்ணீரில் தள்ளுவது பெரிய தப்பு. இலை அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். இரண்டு மூன்று வாரம் வெயிலில் கிடந்து இலை உதிரட்டும், அப்புறம் போடுங்கள்.

எப்படிப் போடுவது? படுக்கப் போட்டால் சேற்றில் புதைந்துவிடும். இரண்டடிக் குழி எடுத்து அடிக்கட்டையை நட்டு, கிளை மேலே விரியும்படி நிறுத்தி மண்ணை மிதித்து இறுக்குங்கள். நாலைந்து கிளையைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டால் ஒரு புதர். காய்ந்த மரம் மிதக்கும், குழி ஆழமாக இல்லாவிட்டால் முதல் மழையிலேயே கிளம்பிவிடும். கட்டுவதானால் கட்டுக்கம்பி அல்லது தென்னங்கயிறு போதும். நைலான் கயிறு வேண்டாம், மரம் மக்கிப் போன பிறகும் அது தண்ணீரில் கிடந்து ஆமை காலிலும் பறவை காலிலும் சுற்றும்.

எவ்வளவு ஆழத்தில்? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். மீன் ஆழத்தில் இருக்கும் என்று நினைத்து மடுவின் அடியில் கொண்டுபோய்க் கட்டையைக் குவிப்பார்கள். காற்று அலைக்காத ஆழத் தண்ணீரில், முக்கியமாகக் கோடையில், மேலே சூடான அடுக்கும் கீழே குளிர்ந்த அடுக்கும் தனித்தனியாக நிற்கும், அடியில் ஆக்சிஜன் இருக்காது. அங்கே எவ்வளவு அழகாக வீடு கட்டினாலும் மீன் குடிவராது. நிறைந்த மட்டத்திலிருந்து மூன்றடியில் ஒரு வரிசை, ஐந்தாறு அடியில் ஒரு வரிசை, மடுவின் விளிம்பில் ஒரு வரிசை என்று படிப்படியாக நடுங்கள். தண்ணீர் இறங்க இறங்க ஏதாவது ஒரு வரிசை மூழ்கியே இருக்கும். மேல் வரிசை நனைந்தும் காய்ந்தும் சீக்கிரம் உளுத்துப்போகும், அதைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும், எப்போதும் மூழ்கிக் கிடப்பது நெடுநாள் தாங்கும்.

மரம் கிடைக்காத இடத்தில் உடைந்த சிமெண்ட் குழாய், கிணற்று உறைத் துண்டு, ஹாலோ பிளாக், ஓட்டைப் பானை எல்லாம் உதவும். கெளுத்திக்கு இருட்டான பொந்துதான் வேண்டும், நாலங்குல பைப்பை இரண்டடி நீளத்துக்கு அறுத்து ஐந்தாறாகக் கட்டிப் போட்டால் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய டயர் மட்டும் போடாதீர்கள், இலவசமாகக் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் இல்லை. திட்டின் ஒரு ஓரத்தில் ஒன்றிரண்டு வண்டி ஆற்றுமணல் கொட்ட முடிந்தால் கொட்டுங்கள், அயிரைக்கு மணல் தரை வேண்டும். மணல் விலைக்கு இதெல்லாம் தேவையா என்றால், அயிரைக் குழம்பு சாப்பிட்டவர்கள் கேட்க மாட்டார்கள்.

ஓரத்துச் செடி

கோரை, அல்லி, கொட்டி, வேலம்பாசி. இவற்றைப் பக்கத்துக் கண்மாயிலிருந்து கிழங்கோடு எடுத்து வந்து திட்டில் நடலாம். எடுத்து வரும்போது வேரை நன்றாக அலசுங்கள், ஆகாயத்தாமரை ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வந்தாலும் அடுத்த வருடம் குளத்தை மூடிவிடும். தாமரையும் சம்பும் அழகுதான், ஆனால் பரவும். தாமரை வேண்டுமென்றால் சிமெண்ட் உறையை அடியில் பதித்து அதற்குள் நடுங்கள். கரைமேல் வெட்டிவேர் வரிசையாக வைத்தால் மண் சரியாது, வயலிலிருந்து வழிந்துவரும் தண்ணீரையும் கொஞ்சம் வடிகட்டும். பூச்சிமருந்து அடித்த வயலின் தண்ணீர் நேராகக் குளத்துக்குள் இறங்கினால் மேலே சொன்ன எதனாலும் பயனில்லை, அதற்குத் தனி வாய்க்கால் வெட்டி வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

வரத்தும் கலிங்கும்

முதல் மழைத் தண்ணீர் வாய்க்காலில் வரும்போது கெண்டையும் கெளுத்தியும் தண்ணீருக்கு எதிரே ஏறும், புல் மூழ்கிய ஆழமில்லாத இடத்தில் முட்டையிடும். அதனால் வரத்து வாய்க்கால் குளத்துக்குள் அருவிபோல் குதிக்காமல் கல் பாவிய சரிவாக இறங்கட்டும். வாய்க்கால் வாயில் சின்னதாக ஒரு வண்டல் குழியும் வைத்துவிட்டால் மண் அங்கே தங்கும், வருடத்துக்கு ஒருமுறை அதை மட்டும் அள்ளினால் போதும்.

கலிங்கில் (மிஞ்சிய தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) மீன் வெளியே போகாமலிருக்கக் கம்பி வலை கட்டுவோம். அதைச் செங்குத்தாகக் கட்டாமல் சாய்வாக, கலிங்கைவிட அகலமாகக் கட்டுங்கள். அடைமழையில் குப்பை அடைத்துத் தண்ணீர் வழிய முடியாமல் கரை மேலே ஏறினால் கரையே உடையும். அப்படி ஒரு இரவு வந்தால் யோசிக்காமல் வலையை அறுத்துவிடுங்கள், போகிற மீன் போகட்டும்.

முதல் தண்ணீர்

வெட்டி முடித்ததும் மழைக்கு முன்னால் நேரம் இருந்தால் அடித்தளத்தில் தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். புதுமண்ணுக்கு அதுதான் முதல் உரம். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து, புளிப்பு மண்ணாக இருந்தால் சொல்லுகிற அளவுக்குச் சுண்ணாம்பு போடுங்கள். தண்ணீரின் கார அமிலத்தன்மை (pH) 7.5-இலிருந்து 8.5-க்குள் இருப்பது மீனுக்கு நல்லது.

பிறகு இரண்டடி மட்டும் தண்ணீர் விட்டுப் பத்துப் பதினைந்து நாள் பொறுங்கள். எங்கே ஊறுகிறது என்று இப்போதே தெரிந்துவிடும். போர் தண்ணீர் என்றால் குழாயை நேராகத் தண்ணீருக்குள் விடாமல் உயரத்திலிருந்து கல்மேல் விழுந்து சிதறும்படி வையுங்கள், ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. புதுக்குளம் பல மாதம் செம்மண் கலங்கலாகவே இருப்பதும் உண்டு, களிமண் துகள் படியாமல் மிதப்பதுதான் காரணம், ஜிப்சம் தூவினால் படியும்.

தண்ணீர் இளம்பச்சையாக மாறத் தொடங்கினால் நுண்பாசி வந்துவிட்டது. கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரி, பளிச்சென்று தெரிந்தால் இன்னும் தீனி சேரவில்லை, தெரியவே இல்லையென்றால் பாசி மிஞ்சிவிட்டது, சாணி போடுவதை நிறுத்துங்கள்.

யாரை எப்போது விடுவது

ஊர் மீன்தான் முதலில். கெண்டைப் பொடி, அயிரை, உளுவை போன்றவற்றைப் பக்கத்துக் கண்மாயில் அரித்து வாங்கி விடுங்கள். இவை தானாகப் பெருகும், மற்ற மீனுக்குத் தீனியும் ஆகும்.

ஒரு மாதம் கழித்துக் கட்லா, ரோகு, மிர்கால். கடையில் விற்கும் பொடிக்குஞ்சு வேண்டாம், மூன்று நாலு அங்குல விரலளவுக் குஞ்சாகப் பாருங்கள். பவானிசாகர், ஆழியாறு, மணிமுத்தாறு பக்கம் இருப்பவர்களுக்கு அரசு மீன்பண்ணை அருகிலேயே உண்டு. தீவனம் போட்டு வளர்க்கும் கூட்டு மீன்வளர்ப்பில் ஏக்கருக்கு 2,000 முதல் 4,000 வரை விடுவார்கள். நீங்கள் தீவனத்தை நம்பாமல் குளத்தை நம்புகிறீர்கள் என்றால் அதில் பாதிகூட வேண்டாம். இந்த மூன்றும் நிற்கிற தண்ணீரில் முட்டையிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், எவ்வளவு நல்ல வீடு கட்டினாலும் ஆற்று வெள்ளம்தான் அவற்றுக்கு வேண்டும். 1957-இல் ஒடிசாவின் அங்குலில் மீன் விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்த பிறகுதான் பொரிப்பகக் குஞ்சு என்ற ஒன்றே வந்தது. அந்த ஜூலை 10-ஐத்தான் தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறோம். ஆகவே கட்லாவுக்கும் ரோகுவுக்கும் நீங்கள் அமைப்பது மேய்ச்சல், கெண்டைக்கும் விராலுக்கும் கெளுத்திக்கும்தான் பிரசவ அறை.

விராலைக் கடைசியாக விடுங்கள், மற்ற மீன் அரையடியைத் தாண்டிய பிறகு, அதுவும் கொஞ்சமாக. முந்திவிட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குஞ்செல்லாம் அதன் வயிற்றில்தான். ஓரத்தில் செடியை விலக்கி வட்டமாக இடம் செய்து விரால் முட்டையிடும், பிறகு செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் மேலே மிதக்க, தாயும் தகப்பனும் கீழே காவல் சுற்றும். அந்த நேரத்தில் தூண்டில் போடாதீர்கள், பெரியதைப் பிடித்துவிட்டால் குஞ்சு முழுக்கப் போச்சு.

விடவே கூடாதவை: ஆப்பிரிக்கத் தேளி (2000-இலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது), வீட்டுத் தொட்டியிலிருந்து கொண்டுவந்து கொட்டுகிற டேங்க் கிளீனர் என்ற பாசி தின்னும் மீன். ஜிலேபி மீன் (திலேப்பியா) 1952-இல் நாட்டுக்குள் வந்தது, இப்போது எந்த வாய்க்காலிலும் இருக்கிறது, நீங்கள் விடாவிட்டாலும் வரும், வந்ததைப் பிடித்துத் தின்றுகொண்டே இருப்பதுதான் வழி. புல் கெண்டையை முதல் இரண்டு வருடம் உள்ளே விடாதீர்கள், நட்ட செடியெல்லாம் அதற்குத்தான் விருந்து.

குஞ்சுப் பையைக் கொண்டுவந்ததும் பிரிக்காமல் கால் மணி நேரம் குளத்தில் மிதக்க விடுங்கள், பிறகு குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, தானாக நீந்திப் போக விடுங்கள். காலையிலோ சாயங்காலமோ, முள் நட்ட பக்கத்தில்.

வருடம் ஓட ஓட

புதுக்குளத்துக்கு முதல் சில வருடம் ஒரு துள்ளல் இருக்கும், மூழ்கிய மண்ணும் புல்லும் கரைந்து தீனி கொட்டும். பெரிய நீர்த்தேக்கங்களிலும் இதேதான் நடக்கிறது, பிறகு ஒரு சரிவு வரும். அதைக் கண்டு பயந்து மூட்டை மூட்டையாகத் தீவனம் வாங்க ஓடாதீர்கள். விடும் எண்ணிக்கையைக் குறையுங்கள், செடி பரவட்டும்.

மூடாக்கு நாட்களில் விடியற்காலை ஒரு நடை போய்ப் பாருங்கள். மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால் ஆக்சிஜன் போதவில்லை, மோட்டாரைப் போட்டுக் குளத்துத் தண்ணீரையே எடுத்து மேலிருந்து சிதற விடுங்கள், சாணியும் தீவனமும் அன்று வேண்டாம்.

தார்ப்பாய்க் குட்டை வைத்திருப்பவர்கள் முள் கிள் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், பாய் கிழியும். மண் நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டியில் அல்லி, முனை மழுக்கிய பைப் கட்டு, மேலிருந்து கயிற்றில் தொங்கும் மூங்கில், இவ்வளவுதான் முடியும்.

கோடையில் தண்ணீர் இறங்கி மேல் வரிசை முள் வெளியே தெரியும் நாள்தான் பராமரிப்புக்கு ஏற்ற நாள். உளுத்ததைப் பிடுங்கிவிட்டு, காயவைத்த புதுக் கிளையை அதே குழியில் நடுங்கள், வண்டல் குழியை அள்ளுங்கள், கலிங்கு வலையில் துரு ஏறியிருந்தால் மாற்றுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இவை முடிந்திருக்க வேண்டும்.